கண் அழுத்த நோய்: சொட்டு மருந்தை நிறுத்திவிட்ட அப்பா

அப்பாவுக்கு வயது 64, கிராமத்தில் இருக்கிறார். எட்டு மாதம் முன்பு கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்று தெரிந்தது. கண் அழுத்தம் வலது 32, இடது 28. இயல்பு 21 வரைதான். வலது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே குறைந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைக்க இரவில் ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட் மருந்து. மூன்று மாதம் போட்டார், அப்புறம் நிறுத்திவிட்டார். "வலி இல்லை, எதிரில் இருப்பது தெரிகிறது, மருந்து போட்டும் பார்வை கூடவில்லையே" என்கிறார். ஊரில் எல்லோரும் இதைக் கண்புரை என்றே நினைக்கிறார்கள்; முற்றியதும் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயம். புரையில் போன பார்வை திரும்பும். இதில் கண் நரம்பு போனால் போனதுதான்.

மருத்துவரையே பேச வைத்தேன், சோதனைத் தாளைக் காட்டினேன், தினமும் போனில் நினைவூட்டினேன். கேட்கவில்லை.

இப்படி மறுத்த பெரியவரை உங்கள் வீட்டில் மறுபடி மருந்து போட வைத்தது எது?