க்யூஆர் கோடு 412 காட்டுகிறது, ஆள் எங்கே?

சீரகசம்பா தம்பி:
காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அண்ணன் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். ஆம்பூர் பாணி, சீரக சம்பா, கூடவே கத்திரிக்காய் தொக்கு. போன மாதம் மெனுவுக்கு ஒரு ஷார்ட் லிங்க் (நீள முகவரிக்குப் பதிலாக ஒரு சேவை தரும் குட்டி முகவரி) எடுத்து, அதையே க்யூஆர் கோடாக்கி நாலு ஆட்டோவின் முதுகு, பேப்பரோடு வரும் நோட்டீஸ், கடை மேஜை என்று எல்லா இடத்திலும் போட்டேன், வாட்ஸ்அப் குரூப்களிலும் தட்டிவிட்டேன். லிங்க் டாஷ்போர்டில் 412 கிளிக். பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸில் 37 பேர்தான். 412இல் பாதிக்கு மேல் சென்னையாம்! ஆட்டோவுக்கு மாதாமாதம் காசு கொடுக்கிறோமே, தொடரலாமா வேண்டாமா என்று அண்ணன் கேட்கிறார். என்ன சொல்வது?

லாங் பஜார் கல்லா:
நிறுத்தச் சொல் தம்பி. இந்த எண்ணெல்லாம் உன்னிடம் சந்தா வாங்குவதற்குக் காட்டுகிற படம். கல்லாவில் இருப்பவர் "எங்க பாத்து வந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு நோட்டில் கோடு போட்டால் முடிந்தது. நாற்பது வருடமாக எங்கள் கடையில் அதுதான் அனலிடிக்ஸ்.

சர்வர் ரூம்:
கல்லா அண்ணா, எண் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, தம்பி கேட்ட கேள்விக்கு அந்த எண்ணால் பதில் சொல்லவே முடியாது, அதுதான் விஷயம். நாலு இடத்துக்கும் ஒரே கோடு என்றால் ஆட்டோ எது, நோட்டீஸ் எது என்று எப்படிப் பிரியும்? கோடுக்குள் இருப்பது ஒரு முகவரி மட்டும்தான், எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்புறம் 412க்கு வருகிறேன். ஷார்ட் லிங்க் சர்வர், தன் கதவை யார் தட்டினாலும் ஒன்று என்று எண்ணும். வாட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டியதும் கீழே சின்னப் படமும் தலைப்பும் வருகிறதே, அதை எடுக்க அந்த ஆப்பே ஒருமுறை போய்த் தட்டும். தேடுபொறி ரோபோ தட்டும். ஆபீஸ் மெயிலில் போனால் வைரஸ் பார்க்கும் மென்பொருள் தட்டும். நல்ல சேவை இவற்றை வடிகட்டும், ஆனால் முழுசாக யாராலும் முடியாது. நேர வாரியாகப் பார், ராத்திரி 3 மணிக்கு ஒரே நொடியில் ஏழெட்டு கிளிக் இருந்தால் அது பசித்த மனிதன் இல்லை.

சீரகசம்பா தம்பி:
பார்த்தேன், இருக்கிறது. சரி, 37 ஏன் அவ்வளவு குறைவு? மெனு ஒரு பிடிஎஃப் ஃபைல், 14 எம்பி. கடை முகப்புப் பக்கத்தில் மட்டும் அனலிடிக்ஸ் போட்டிருக்கிறேன்.

சர்வர் ரூம்:
அட, 14 எம்பியா! பிடிஎஃபுக்குள் அனலிடிக்ஸ் நிரல் ஓடாதுப்பா. அந்த 37 பேர் முகப்புக்கு வந்தவர்கள், நேராக மெனுவைத் திறந்தவன் கணக்கிலேயே இல்லை. அதோடு மேம்பாலத்தில் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று ஸ்கேன் செய்தவன் 14 எம்பி இறங்கும் வரை காத்திருப்பானா? சிக்னல் விழுந்ததும் போய்விடுவான். மெனுவைச் சாதாரணப் பக்கமாக்கு. சென்னை விஷயம், அது ஜிபிஎஸ் இல்லை, ஐபி முகவரியை, அதாவது நெட்டில் இணையும்போது கிடைக்கும் எண்ணை, வைத்துப் போடுகிற குத்துமதிப்பு. மொபைல் நெட் எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊரைக் காட்டும். சித்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று ஸ்கேன் செய்து பார், உன்னையே சென்னைக்காரன் என்றாலும் சொல்லும்.

லாங் பஜார் கல்லா:
ஊரையே தப்பாகச் சொல்கிற கணக்குப்பிள்ளையை நான் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன்.

பிரஸ் மாமா, சத்துவாச்சாரி:
இன்னொன்று இருக்கிறது. பிரிண்ட் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் இலவசச் சேவையில் மாற்றத்தக்க கோடு (அந்தச் சேவையின் லிங்க் வழியாகப் போவது, போய்ச் சேரும் இடத்தைப் பிறகு மாற்றலாம்) எடுத்துக்கொண்டு வந்தார், 2,000 நோட்டீஸ் அடித்தோம். சோதனைக் காலம் முடிந்ததும் கோடு செத்துவிட்டது, ஸ்கேன் செய்தால் "சந்தா கட்டவும்" என்று வருகிறது. மிச்ச நோட்டீஸில் பொட்டலம்தான் மடித்தார்கள். கூகுளே தன் ஷார்ட் லிங்க் சேவையில் 2019இல் புதிது எடுப்பதை நிறுத்திவிட்டது. அடுத்தவன் பெயரில் இருக்கும் லிங்க்கை பேனரில் அடிக்காதீர்கள்.

லாங் பஜார் கல்லா:
மாமா நம் பக்கம்.

சர்வர் ரூம்:
மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அதற்கு வழி எண்ணாமல் விடுவது இல்லை. சொந்த டொமைனிலேயே, அதாவது கடை பெயரில் வாங்கிய இணைய முகவரியிலேயே, ஆட்டோவுக்கு ஒரு பாதை, நோட்டீஸுக்கு ஒன்று, மேஜைக்கு ஒன்று வை, மூன்றும் மெனுவுக்கே திருப்பிவிடட்டும். திருப்பும்போது சர்வர் பிரவுசருக்கு ஒரு குறியீட்டு எண் சொல்லும், அதில் 301 போடாதே, தற்காலிகம் என்று சொல்லும் 302 போடு. 301 என்றால் நிரந்தரம் என்று பிரவுசர் மனதில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை உன் சர்வரைத் தட்டாமலே நேராகப் போய்விடலாம், கணக்கில் விழாது. "தனி நபர்" என்று காட்டுவதையும் முழுசாக நம்பாதே. ஹாஸ்டல் வைஃபையில் நூறு பையன்களுக்கு வெளியே ஒரே ஐபி, ஐபியை வைத்து எண்ணினால் நூறு பேரும் ஒருத்தன்.

மேஜை நம்பர் 6:
கல்லாவில் இருக்கும் யுபிஐ கோடை எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்றும் பார்க்க முடியுமா?

சர்வர் ரூம்:
அது வேறு. அதை ஸ்கேன் செய்தால் பணம் கட்டும் ஆப் திறக்கும், நம் சர்வருக்கு வராது. எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதுதான் கிடைக்கும்.

சீரகசம்பா தம்பி:
பத்து நாள் கழித்து வருகிறேன். மூன்று கோடு தனித்தனியாக ஒட்டினேன். மெனு இப்போது தம்மாத்துண்டு பக்கம். மேஜை 88, நோட்டீஸ் 5, ஆட்டோ 31. ஆட்டோ எண்ணைப் பார்த்து அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் முக்கால்வாசி ராத்திரி 10க்கும் 11க்கும் நடுவில் விழுந்திருந்தது, சவாரி இல்லாத நேரம். சந்தேகப்பட்டு ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் அண்ணன்கள்தான், ஒருவர் வண்டியை இன்னொருவர் ஸ்கேன் செய்து அரை பிளேட் மிச்சம் இருக்கிறதா என்று மெனு பார்க்கிறார்கள். மெனுவில் அது தெரியாது, ஆனாலும் பார்க்கிறார்கள்.

லாங் பஜார் கல்லா:
ஆக, நீ நேரில் போய்க் கேட்டுத்தான் தெரிந்தது.

சீரகசம்பா தம்பி:
ராத்திரி பத்தரைக்குப் போ என்று உங்கள் நோட்டு சொல்லியிருக்காதே அண்ணா. அண்ணன் ஆட்டோ காசை நிறுத்தவில்லை, பத்து மணிக்கு மேல் அரை பிளேட் ரேட் ஒன்று மெனுவில் ஏற்றச் சொல்லிவிட்டார்.