ஒலி அட்டை டிரைவரில் இன்டரப்ட் ஹேண்ட்லரை எளிமையாக்குவது எப்படி?

கேள்வி:

வணக்கம். கெர்னல் டிரைவர் எழுதப் பழகுவதற்காக, கியூஎமு மெய்நிகர் கணினி தரும் இஎஸ்1370 ஒலி அட்டைக்கு, கெர்னலில் ஏற்கெனவே உள்ள டிரைவரைப் பார்க்காமல், அல்சாவின் (லினக்ஸ் கெர்னலின் ஒலி அமைப்பு) மீது சொந்தமாக ஒரு டிரைவரை எழுதி வருகிறேன். ஒலி நன்றாகவே வருகிறது. ஆனால் இன்டரப்ட் ஹேண்ட்லர் (அட்டை குறுக்கிட்டுச் சிக்னல் தரும்போது ஓடும் ஃபங்ஷன்) மட்டும் 180 வரிகளுக்கு வளர்ந்துவிட்டது. நுழைந்ததும் அட்டைக்கான ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் நுழையவிட்டு, மற்றவரைச் சுழன்றபடியே காத்திருக்க வைக்கும் பூட்டு) எடுத்துக்கொள்கிறேன். இரண்டு டிஏசி (ஒலியை வெளியிடும் பகுதி), ஒரு ஏடிசி (ஒலியைப் பதிவு செய்யும் பகுதி) என மூன்றுக்கும் தனித்தனியாக எத்தனை பைட் ஓடியது என்று கணக்கு வைத்து, ஒரு பீரியட் (பஃபரின் ஒரு பகுதி) நிறைந்ததும் அதை அல்சாவுக்குத் தெரிவிக்கும் பீரியட்-எலாப்ஸ்ட் ஃபங்ஷனை அழைத்து, கடைசியில்தான் லாக்கை விடுகிறேன்.

இரண்டு சிபியு கொடுத்து இயக்கும்போது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் ஏபிளே என்ற ஒலி இயக்கும் நிரலைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால், சில முறைக்கு ஒரு முறை கணினி முழுவதுமாக உறைந்துபோகிறது. ஒரே சிபியு என்றால் இதுவரை உறைந்ததில்லை. இந்த ஹேண்ட்லரை எப்படிச் சுருக்குவது, உறைவதற்கும் அதன் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

தொடர்பு நீளத்தில் இல்லை. லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே பீரியட்-எலாப்ஸ்டை அழைப்பதில்தான் இருக்கிறது. அந்த ஃபங்ஷன் உள்ளே சென்றதும் பிசிஎம் ஸ்ட்ரீமின் (ஓடும் ஒலித் தரவின்) லாக்கை எடுக்கும். நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தும்போது அல்சா அதே ஸ்ட்ரீம் லாக்கை எடுத்துக்கொண்டு ஒலியைத் தொடங்கி நிறுத்தும் உங்கள் டிரிகர் ஃபங்ஷனை அழைக்கிறது. அங்கே நீங்கள் அட்டையின் லாக்குக்காகக் காத்திருக்கிறீர்கள். அதே நொடியில் மற்றொரு சிபியுவில் உங்கள் ஹேண்ட்லர் அட்டையின் லாக்கை வைத்துக்கொண்டு ஸ்ட்ரீம் லாக்குக்காகக் காத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும்.

ஒரே சிபியுவில் பாதுகாப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். பஃபர் வறண்டு அண்டர்ரன் ஏற்பட்டால், பீரியட்-எலாப்ஸ்டே உள்ளிருந்து டிரிகரை அழைத்து ஒலியை நிறுத்தும். டிரிகர் கேட்கும் லாக் ஏற்கெனவே உங்கள் ஹேண்ட்லரிடமே இருப்பதால், அது தன்னைத்தானே எதிர்பார்த்து நிற்கும். ஏபிளே ஓடும்போது கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்தி வைத்துப் பாருங்கள். எஸ்எம்பி (பல சிபியுக்களுக்கான) கெர்னல் என்றால் பஃபர் தீர்ந்ததும் உறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 2:

மேலே சொன்னது முற்றிலும் சரி. கூடவே அந்தப் பைட் கணக்கு முழுவதையும் அழித்துவிடலாம் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். 48,000 ஹெர்ட்ஸில் 1,024 ஃப்ரேம் (ஒலி மாதிரி) கொண்ட பீரியட் என்றால் ஏறத்தாழ 21 மில்லிநொடிக்கு ஒரு இன்டரப்ட் வரும். அட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பீரியட்-எலாப்ஸ்ட் உங்கள் பாயின்டர் ஃபங்ஷனிடமே கேட்டுக்கொள்கிறது. கணினியின் வேலைப்பளுவால் இரண்டு பீரியட் சேர்ந்து கடந்துவிட்டாலும் ஒரு முறை அழைத்தால் போதும். ஹேண்ட்லருக்குள் எண்ணிக்கை வைத்திருப்பது, ஒரே உண்மையை இரண்டு இடங்களில் எழுதி வைப்பதற்குச் சமம். என்றாவது ஒரு நாள் இரண்டும் வேறுபடும், அன்று தவறு எதில் என்று தேடுவது பெரும்பாடு.

இந்த அட்டையில் ஹேண்ட்லரின் வேலை மிகச் சிறியது. முதலில் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படியுங்கள். அதன் 31-ஆம் பிட் எழும்பியிருக்காவிட்டால் இன்டரப்ட் உங்களுடையதன்று. பிசிஐ இன்டரப்ட் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்வதால், 'என்னுடையதில்லை' என்ற விடையுடன் உடனே திரும்பிவிடுங்கள். உங்களுடையது என்றால், லாக்கை எடுத்து, சீரியல் கன்ட்ரோல் ரிஜிஸ்டரில் உரிய இன்டரப்ட் பிட்டை அணைத்து எழுதி, மீண்டும் ஏற்றி எழுதி, லாக்கை விட்டுவிடுங்கள். அதன் பிறகே, திறந்திருக்கும் ஸ்ட்ரீம்களுக்கு மட்டும் பீரியட்-எலாப்ஸ்ட். ஸ்ட்ரீம் எதுவும் திறந்திராவிட்டாலும் பிட்டை அணைப்பதை விட்டுவிடக்கூடாது. விட்டால் அதே இன்டரப்ட் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

மறுமொழி 3:

த்ரெடட் இன்டரப்டாக (ஹேண்ட்லரைத் தூங்கக்கூடிய தனி த்ரெடில் ஓட்டும் முறை) மாற்றிவிட்டால் எல்லாம் தீருமே என்று சிலர் சொல்வார்கள். இந்த அட்டைக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ரிஜிஸ்டரைப் படிக்கவே ஐ2சி போன்ற மெதுவான வழியில் காத்திருந்து தூங்க வேண்டிய சாதனங்களுக்கு அது பொருந்தும். அவற்றுக்காகத்தான் பிசிஎம்மில் நான்-அட்டாமிக் என்ற குறியும் உள்ளது, அதை வைத்தால் ஸ்ட்ரீம் லாக் ஸ்பின்லாக்காக இல்லாமல் மியூட்டெக்ஸாக (காத்திருக்கும்போது தூங்கவிடும் பூட்டு) மாறும். அப்போதும் இரண்டு லாக்குகளை மாற்றி மாற்றி எடுத்தால் அதே முட்டுக்கட்டைதான்.

பயன்படக்கூடிய எளிமை வேறொன்று இருக்கிறது. இன்டரப்டைப் பதிவு செய்ததும் அதன் எண்ணைக் கார்டின் சிங்க்-ஐஆர்க்யூ புலத்தில் எழுதி வையுங்கள். ஒலி நின்ற பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அல்சாவே காத்திருந்துவிட்டுத்தான் பஃபரை விடுவிக்கும்; அதற்கென நீங்கள் கொடிகள் வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய வடிவத்தில் ஒரே சிபியுவுடன் கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பார்த்தேன். சொன்னது போலவே உடனே உறைந்தது. லாக் எடுக்கும் வரிசையைச் சோதிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப்பை இயக்கியபோது இரண்டு லாக்குகளின் வரிசை சுழல்கிறது என்ற எச்சரிக்கையும் வந்தது. பைட் கணக்கை நீக்கி, லாக்குக்கு வெளியே பீரியட்-எலாப்ஸ்டை நகர்த்திய பிறகு ஹேண்ட்லர் 30 வரிக்குள் அடங்கிவிட்டது. பாயின்டரிலும் இனி தயக்கமின்றி அட்டையின் லாக்கை எடுக்க முடிகிறது. நான்கு சிபியு கொடுத்து, தொடங்குவதும் நிறுத்துவதுமாக இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் பார்த்தபோதும் ஒலி வந்துகொண்டுதான் இருந்தது, லாக்டெப்பிடமிருந்து ஒரு வரியும் இல்லை.