பார்வையிழப்பு: ஊர்வாரி வரைபடம் போடலாமா?

தரவுத்தச்சன்:
50 வயது தாண்டியவர்களிடம் எடுத்த துரிதக் கணக்கெடுப்பில் கொத்துக்கு (மாதிரிக்காகத் தேர்ந்த ஓர் ஊர் அல்லது ஊர்ப்பகுதிக்கு) 50 பேர் இருக்கிறார்கள். கொத்துவாரியாக விகிதம் போட்டு ஊருக்கு ஊர் நிறம் அடித்தால் என்ன? மொத்தப் பகுதிக்கும் ஒரே எண் என்றால் கண் சிகிச்சை முகாமை எங்கே வைப்பது?

அளவுகோல்:
வேண்டவே வேண்டாம். பார்வையின்மை (இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணிலும் 3/60-க்குக் கீழ், அதாவது மற்றவர் 60 மீட்டரில் காண்பது 3 மீட்டரிலும் தெரியாத நிலை) 3% என்று வையுங்கள். 50 பேரில் ஒருவர்கூடச் சிக்காமல் போக 22% வாய்ப்பு. ஒருவர் சிக்கினால் 2%, இருவர் என்றால் 4%. எல்லா ஊரும் ஒரே நிலையில் இருந்தாலும் ஐந்தில் ஓர் ஊர் வெள்ளையாகத் தெரியும். 3 ± 0.6 (2.4% முதல் 3.6% வரை) என்று சொல்லவே 3,105 பேர் தேவை. ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் மாதிரியைப் பெருக்க வேண்டிய கொத்து விளைவு 1.5 சேர்த்தால் சுமார் 4,660 பேர், 94 கொத்து.

தரவுத்தச்சன்:
சரி சார், நேரடி விகிதத்தை விடுங்கள். வயது, பாலினம் வைத்துப் பன்மட்ட மாதிரியில் (ஆள், ஊர் என்று பல மட்டங்களைச் சேர்த்துக் கணிக்கும் புள்ளியியல் முறையில்) கணித்து, ஊர் மக்கள்தொகையால் எடை கொடுத்தால்?

அளவுகோல்:
அப்போது படத்தில் தெரிவது முதியோர் எங்கே அதிகம் என்பதுதான். ஓர் ஊரில் கண்புரை அறுவை எல்லாம் முடிந்திருந்தாலும் அந்த மாதிரிக்குத் தெரியாது.

களத்துமேடு:
நீங்கள் சூத்திரத்தில் சண்டை போடுகிறீர்கள், தப்பு வாசற்படியிலேயே நடந்துவிடுகிறது. பகலில் போனால் வேலைக்குப் போனவர் இருக்கமாட்டார், பார்வை மங்கிய முதியவர்தான் இருப்பார். விகிதம் வீங்கும். ஆள் இல்லையென்று பக்கத்து வீட்டைச் சேர்க்கக் கூடாது. மாலையிலோ மறுநாளோ திரும்பப் போக வேண்டும். அடுத்தது ஊசித்துளை, அதாவது சிறு துளை போட்ட அட்டை வழியே பார்க்க வைக்கும் சோதனை. கண்ணாடி இருந்தால் போட்டபடியே முதலில் அளக்க வேண்டும். 6/12 வரி (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) தெரியவில்லை என்றால்தான் துளை. துளையில் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகும் கோளாறு; தெளியாவிட்டால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் புரை இருக்கிறதா என்று பாருங்கள். துளை வழியே வந்த அளவைப் படிவத்தில் முதல் அளவுக்கான கட்டத்தில் எழுதிவிட்டால் கண்ணாடி தேவைப்படுபவர் கணக்கிலிருந்தே காணாமல் போவார். இது அடிக்கடி நடக்கிறது.

தரவுத்தச்சன்:
அதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். பிழை எல்லை அகலமான ஊருக்கு, நம்பகம் குறைவு என்று காட்ட, வரைபடத்தில் சாய்கோடு போட்டுவிடலாமே?

அளவுகோல்:
சாய்கோட்டை யார் பார்க்கிறார்கள், சிவப்பைத்தான் பார்ப்பார்கள். முகாம் பதிவேட்டை வைத்து நிறம் அடிக்கும் யோசனை வேறு சிலருக்கு வரும். முன்பு முகாம் நடந்த ஊரே சிவப்பாகும், அவ்வளவுதான்.

களத்துமேடு:
10 கொத்தை ஒரு வட்டாரமாகச் சேர்த்துப் பாருங்களேன். 500 பேர் வருவார்கள்.

அளவுகோல்:
கொத்து விளைவோடு 3 ± 1.8. இரண்டு நிறத்துக்கு மேல் தாங்காது. அதோடு எத்தனை அறுவை தேவை என்று திட்டமிட வயது சீராக்கிய (எல்லா இடத்திலும் ஒரே வயதுப் பங்கு என்று வைத்துக் கணித்த) விகிதம் உதவாது. அந்தந்த வட்டாரத்தின் உண்மையான தலைக்கணக்கால் பெருக்குங்கள்.

தரவுத்தச்சன்:
இரண்டு நிறமே போதும். முகாம் வண்டி எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்பதற்கு மூன்றாவது நிறம் எதற்கு?