சின்னக் கடை, சின்னப் பட்டறை: காசு ஒழுகும் இடங்கள்

சென்னையில் தொழில் செய்யும் ஐந்து பேர் பேசுகிறார்கள்.

வடபழனி மெஸ்

வியாபாரம் மந்தமானால் முதலில் ஆள் சம்பளத்திலும் சரக்கின் தரத்திலும்தான் கை வைக்கிறோம். அதற்கு முன்னால், நம்மைக் கேட்காமலே போய்க்கொண்டிருக்கும் காசைப் பிடிக்க வேண்டும். டிபன் கடையில் அது அடுப்பு வழியாகத்தான் அதிகம் போகிறது.

19 கிலோ சிலிண்டர் வந்து இறங்கியதும் எடை போடுங்கள். காலி எடை மேலே தகட்டில் அடித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் 19 வர வேண்டும். குறைந்தால் டெலிவரி ஆள் நிற்கும்போதே திருப்பிக் கொடுங்கள், மாட்டிய பிறகு பேச முடியாது. மாட்டிய தேதியைச் சாக்பீஸால் சிலிண்டரிலேயே எழுதி, அன்றன்று எத்தனை கிலோ அரிசி வெந்தது, எத்தனை ஈடு இட்லி ஊற்றியது என்று நோட்டில் குறித்து வாருங்கள். மூன்றாவது சிலிண்டருக்குள் உங்கள் கடைக்கென்று ஒரு கணக்கு பிடிபடும். அந்தக் கணக்கு திடீரென்று இடித்தால் ட்யூப்பில் கசிவு அல்லது பர்னரில் கோளாறு.

பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தாலோ தீ மஞ்சளாக எரிந்தாலோ காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். கஞ்சி பொங்கி வழிந்து துளைகளை அடைத்திருக்கும், இல்லையென்றால் காற்று புகும் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்திருக்கும். பர்னரைக் கழற்றி பிரஷ் போட்டுக் கழுவினாலே போதும். கேஸ் வெளிவரும் ஜெட் துளையை மட்டும் கம்பியால் குத்தாதீர்கள். அது கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக இறங்கும், மஞ்சள் தீ இன்னும் மோசமாகும்.

பல கடைகளில் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. மூன்று பெரிய அடுப்பை ஒரே சிலிண்டரில் ஓட்டினால், சிலிண்டரின் கீழ்ப்பாதி முதலில் வேர்க்கும், பிறகு வெள்ளையாகப் பனி பூக்கும். உள்ளே திரவம் ஆவியாகும் வேகத்தைவிட நாம் அதிகமாக இழுக்கிறோம். சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழுவதால் தீ சிறுத்துவிடும். தீர்ந்துவிட்டது என்று மாஸ்டர் மாற்றிவிடுவார். கழற்றியதை எடை போட்டால் உள்ளே கேஸ் நிற்கும், அதையும் ஏஜென்சிக்கே திருப்பி அனுப்புகிறோம். அதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். படுத்த சிலிண்டரிலிருந்து திரவமே ட்யூப்புக்குள் வந்து தீ எகிறும். இரண்டு சிலிண்டரை ஒரே பைப்பில் இணைக்கும் மேனிஃபோல்டில் சேர்த்து மாட்டுவதுதான் சரி. வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பதை மிச்சம் என்று நினைக்காதீர்கள். பிடிபட்டால் பறிமுதல், வழக்கு.

அம்பத்தூர் பட்டறை

மெஸ்காரர் சொன்ன அதே கதைதான், காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்பும் கம்ப்ரஸரிலும். கேஸுக்குப் பதில் காற்று.

ஷிஃப்ட் முடிந்து எல்லா மெஷினும் நின்ற பிறகு, கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். டேங்க் நிரம்பி அது நிற்கும். யாரும் காற்றை எடுக்காதபோது அது மறுபடி ஓடக் கூடாது, ஆனால் ஓடும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று நாலைந்து சுற்று குறியுங்கள். 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் நின்றால், 8-இல் 2, அதாவது கம்ப்ரஸர் கொடுக்கக்கூடிய காற்றில் 25 சதவீதம் ஒழுகுகிறது. பிறகு சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயின்டாகப் போங்கள். குமிழி பெரும்பாலும் மெயின் லைனில் வராது. ஏர் கன், ஹோஸ் கிளிப், க்விக் கப்ளர், தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் வால்வு, இந்த நான்கில்தான் வரும். டெஃப்லான் டேப்பும் புது கிளிப்பும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அழுத்தத்தையும் பாருங்கள். 6 பாரில் முடிகிற வேலைக்கு 8 பார் வைத்திருப்பார்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸரின் கரண்ட் செலவு 6 அல்லது 7 சதவீதம் குறையும்.

மோட்டார்கள் லைனிலிருந்து இழுக்கும் வீண் கரண்டைக் குறைக்கும் கெப்பாசிட்டரையும் விடாதீர்கள். 5 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் திறன் அளவு) கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறக்குறைய 7 ஆம்ப் இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3, 4 ஆம்ப் காட்டினால் அது செத்துக்கொண்டிருக்கிறது. டப்பா உப்பியிருந்தால் மீட்டரே தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

பாரிமுனை கணக்கர்

ஒழுகுவதை அடைத்தாயிற்று, இனி வர வேண்டியதைப் பேசுவோம். அம்பத்தூர், கிண்டி பக்கம் ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை) செய்பவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் பணம் தராமல் 90 நாள், 120 நாள் இழுப்பது சகஜம். அதுவரை வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டியைக் கட்டுவது நீங்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு தொழில்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், எழுத்தில் இல்லாவிட்டால் 15 நாளில். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். சட்டம் இருந்தும் பணம் வராததற்குக் காரணம் நம் காகிதம்தான். சரக்கு போவதற்கு முன்பே மத்திய அரசின் சிறு தொழில் பதிவான உத்யம் பதிவு இருக்க வேண்டும் (பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேண்டும், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்). உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்காமல் வண்டி திரும்பக் கூடாது, ஏனென்றால் நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பணம் வராவிட்டால் சிறு தொழில் பாக்கிக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். அந்த அளவுக்குப் போகத் தயங்குபவர்கள் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் ஆளிடம் மரியாதையாக ஒரு விஷயத்தை நினைவுபடுத்துங்கள்: 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டினால் பணத்தைக் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இந்தப் பேச்சுக்கு நல்ல பலன் உண்டு.

சௌகார்பேட்டை ஸ்டீல் பாத்திரம்

சார், வாங்கி விற்கும் கடைக்கும் இந்த 45 நாள் பொருந்துமா?

பாரிமுனை கணக்கர்

பொருந்தாது, சார். 2021 முதல் வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். உங்களைப் போன்ற கடைக்கு, ஜிஎஸ்டியில் சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் என்றால் ஒரு சதவீதம் வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது, வாங்கும் சரக்கின் வரியும் திரும்ப வராது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. ஓட்டல்காரர்களும் கம்பெனிகளும் உங்களிடம் மொத்தமாக வாங்கினால் வேண்டாம், அவர்களுக்கு வரி பில் வேண்டும். வீட்டுக்கு வாங்குபவர்கள்தான் அதிகம் என்றால் லாபம்.

புரசைவாக்கம் ஜவுளி

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வேலை. கீழ்த்தட்டுச் சரக்கை தரையிலிருந்து ஓரடியாவது தூக்கி வையுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற தெருக்களில் பாழானது கீழ்த்தட்டுதான். சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற காப்பீட்டு பாலிசி உண்டு, வெள்ளமும் அதில் அடங்கும். சரக்கு மதிப்பை தீபாவளி இருப்புக்குத் தக்கபடி எழுதுங்கள். ஆடி மாத இருப்பை வைத்து எழுதினால் மதிப்பு குறைவு என்று கிளைமில் வெட்டுவார்கள். 15 சதவீதம் வரை குறைந்திருந்தால்தான் விட்டுக்கொடுப்பார்கள். மாதக் கடைசியில் ஸ்டாக் லிஸ்ட்டையும் தட்டுகளின் படத்தையும் உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள், நோட்டு நனைந்தாலும் அது இருக்கும்.