இரவில் ஓடும் வாகனங்களைப் படமெடுத்தல்: ஷட்டர் வேகமும் ஃபிளாஷும்

கேள்வி:
தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓடும் கார்களைப் பேனிங் முறையில் (காரோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே) எடுக்க முயல்கிறேன். ஷட்டரை 1/250 நொடியில் வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 12800 வரை ஏறி, படம் முழுவதும் நாய்ஸ் (புள்ளிப் பிசிறு) மண்டுகிறது. 1/30 நொடிக்கு இறக்கினால் காரே கலங்கிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டாலோ, விளக்குக் கோடுகள் காருக்கு முன்னால் நீண்டு, அது பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
பேனிங்குக்கு 1/250 நொடி தேவையே இல்லை. அந்த வேகத்தில் பின்னணியும் பெரும்பாலும் உறைந்து, ஓட்டத்தின் உணர்வு போய்விடும். 1/60 நொடியில் தொடங்கி, கை பழகியபின் இறக்குங்கள். கார் உங்களுக்கு நேரெதிரே வரும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பி, கார் தொலைவில் வரும்போதே பின்தொடரத் தொடங்குங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். அகலக்கோண லென்ஸுடன் அருகில் நின்றால், காரின் ஒரு பகுதி மட்டுமே தெளிவாக வரும், ஏனெனில் முன்பக்கமும் பின்பக்கமும் கேமராவுக்கு வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. சற்றுத் தள்ளி நின்று 85 அல்லது 100 மி.மீ. லென்ஸில் எடுத்தால் இச்சிக்கல் வெகுவாகக் குறையும். ஃபோகஸ் புள்ளியை ஹெட்லைட்டின் மீது வைக்காமல், வெளிச்சம் விழும் கதவு விளிம்பின் மீது வையுங்கள்.

பதில் 2:
ஷட்டர் திறந்தவுடனே ஃபிளாஷ் மின்னிவிடுவதால்தான் கோடுகள் முன்னால் நீள்கின்றன. ரியர் கர்ட்டன் சிங்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்பு மின்னும். கோடுகள் காரின் பின்னால் சேரும். ஆனால் பொதுச் சாலையில் ஓட்டுநரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது விபத்தையே வரவழைக்கும். போக்குவரத்து இல்லாத இடத்தில், ஓட்டுபவரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

கேட்டவர்:
நன்றி. முக்காலியில் வைத்து விளக்குக் கோடுகளை மட்டும் எடுக்கும்போது, 10 நொடியை 20 ஆக்கியும் கோடுகளின் பிரகாசம் கூடவில்லையே?

பதில் 3:
கூடாது. ஓடும் விளக்கு சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் நொடிப்பொழுதில் கடந்துவிடுவதால், அதன் பிரகாசத்தை அபெர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு) ஐஎஸ்ஓவுமே தீர்மானிக்கின்றன. நேரத்தைக் கூட்டினால் கோடுகள் நீளும், பின்னணி வெளுக்கும், அவ்வளவுதான். எஃப்/11 இல் எடுத்திருந்தால் துவாரத்தை எஃப்/8 க்குத் திறந்து, நேரத்தைப் பாதியாக்குங்கள்: பின்னணி மாறாது, கோடுகள் ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு, பிரகாசமாகும். எல்ஈடி பின்விளக்குகள் சிலவற்றின் கோடு புள்ளி புள்ளியாக விழுந்தால் கேமராவைச் சந்தேகிக்காதீர்கள். அவ்விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன.