கேம் ஓடும்போது திரை கறுத்துப் போகிறது, அவசர உதவி வேண்டும்

நள்ளிரவன்:
கேம் திறந்து கொஞ்ச நேரத்தில் திரை கறுப்பாகிறது, சத்தம் மட்டும் ஒரே இடத்தில் சிக்கி இழுக்கிறது, அப்புறம் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது, கேம் காணோம். சில சமயம் மொத்தமாக ரீஸ்டார்ட். கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவரைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டும் அதே கதைதான். புராஜெக்ட் ரெண்டரிங்கும் இதே லேப்டாப்பில்தான் செய்தாக வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சிப்பாய்:
என்ன கிராபிக்ஸ் கார்டு, எந்த விண்டோஸ்? டிரைவரை எதை வைத்து அழித்தீர்கள்? சேஃப் மோடில் டிடியு (டிரைவரை மிச்சமில்லாமல் அழிக்கும் மென்பொருள்) ஓட்டினீர்களா, இல்லை சாதாரண அன்இன்ஸ்டால்தானா?

தூசிதட்டி:
சூடுதான், சந்தேகமே வேண்டாம். பின்மூடியைக் கழற்றி விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் துடுப்புக்கும் நடுவில் பாருங்கள், தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும்.

பழைய_பிட்:
பதில் சொல்கிறவர்கள் முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. கார்டு 2 வினாடிக்குள் பதில் தரவில்லை என்றால் விண்டோஸே அதை ரீசெட் செய்யும், இதற்கு டிடிஆர் என்று பெயர், விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. விண்டோஸ் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் நின்று மீண்டது என்ற பதிவு, இருக்கிறதா பாருங்கள், திறக்கத் தெரியும் என்று நம்புகிறேன். அங்கேயே இருக்கும் கெர்னல் பவர் 41 பதிவைக் காட்டிக்கொண்டு வராதீர்கள், கணினி முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

நள்ளிரவன்:
ஆர்டிஎக்ஸ் 3060, விண்டோஸ் 11. டிடியுதான் ஓட்டினேன். 4101 வரிசையாக இருக்கிறது. கறுப்பாகும்போது 71 டிகிரிதான்.

பச்சைத்திரை:
விண்டோஸ் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே மதிப்பை, அதாவது ரீசெட்டுக்கு முன் காத்திருக்கும் வினாடியை, 10 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு ரெண்டரிங்கில் வந்த தொல்லை அதோடு நின்றது.

பழைய_பிட்:
அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வைத்தியம். தொங்கிப்போன கார்டு 10 வினாடி தொங்கும், அவ்வளவுதான்.

பச்சைத்திரை:
ரெண்டரிங்கில் ஒரே வேலை 2 வினாடிக்கு மேல் இழுத்தால் நல்ல கார்டும்தான் ரீசெட் ஆகும். அதற்குத்தான் அந்த மதிப்பை மாற்ற இடம் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய_பிட்:
அவர் கேட்டது கேம். கேள்வியைப் படியுங்கள்.

தூசிதட்டி:
71 என்பது பொதுவான கோர் சூடு. சிப்பில் அதிகம் சுடும் இடமான ஹாட்ஸ்பாட் தனியாக இருக்கும், எச்டபிள்யு இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி ரொம்ப அதிகமாக இருந்தால் பேஸ்ட்டேதான்.

சிப்பாய்:
சண்டையை நிறுத்துங்களேன், ஆள் ஓடிவிடப்போகிறார்.

இரவுப்பணி:
நண்பரே, மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த சார்ஜர்? சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் வருகிறதா? சண்டைக்காட்சி மாதிரி கார்டு திணறும் இடத்தில் வருகிறதா, மெனு, லோடிங் மாதிரி சும்மா இருக்கும் இடத்திலா?

நள்ளிரவன்:
கூடவே வந்த சார்ஜர்தான். கழற்றினால் கேம் மெதுவாக ஓடுகிறது, ஆனால் கறுக்கவில்லை. இப்போது யோசித்தால் மெனுவிலும் லோடிங்கிலும்தான் அதிகம்.

இரவுப்பணி:
அப்படியானால் சூட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வேலை லேசாக இருக்கும்போது மின்சார வரம்பு தடுக்காததால் கார்டு தன் வேகத்தை உச்சிக்கு ஏற்றும். கனமான காட்சியில் தானாகவே இறங்கிவிடும். பேட்டரியில் அந்த உச்சிக்கே போகாது. உச்ச வேகத்தைத் தாங்க முடியாத கார்டு இப்படித்தான் மெனுவில் விழும். கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தினால் வோல்டேஜுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு வரும், அதை 1500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாமல் தட்டையாக்கி ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் கார்டிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், டிரைவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பழைய_பிட்:
பவர் ஆப்ஷன்ஸில் கார்டுக்கான இணைப்பில் மின்சாரம் மிச்சப்படுத்தும் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மெண்டையும் ஆஃப் செய்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். மற்றபடி சரி.

ஒளிவட்டம்:
என் பழைய லேப்டாப்பில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது. ஹீட் கன் வைத்துச் சிப்பைச் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே?

இரவுப்பணி:
வேண்டாம். உயிர் வந்த மாதிரி இருக்கும், திரும்பப் படுத்துவிடும், பக்கத்துப் பாகங்களும் கெடும். தனி இழை போடுங்கள்.

நள்ளிரவன்:
1500-இல் நிறுத்தினேன், நேற்று மாலையிலிருந்து கறுக்கவே இல்லை. வாரண்டி இருக்கிறது, சர்வீஸுக்குக் கொடுக்கிறேன். நன்றி.

இரவுப்பணி:
கொடுக்கும் முன் அந்த 1500 வரம்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் சோதிக்கும்போது கோளாறே வராது, அப்படியே திருப்பித் தந்துவிடுவார்கள். 4101 பட்டியலையும், மெனுவில் கறுப்பாவதை போனில் ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். புராஜெக்ட் ஃபைல்களை முதலில் வேறு டிரைவில் போடுங்கள்.