அக்கரைப் பேச்சு இக்கரையில் கேட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

காட்டுக்குப்பத்தான்:
மார்கழி, விடியக்காலை நாலு மணி. எண்ணூர் ஆத்துல எறா வலை போட்டுட்டு நானும் நைனாவும் உக்காந்துகினு இருக்கோம். காத்தே இல்ல. அக்கரை கால் கிலோமீட்டராவது இருக்கும். அங்க ஒருத்தன் சொல்றான்: "கெழவனுக்குக் கண்ணு போச்சுடா, இன்னும் இன்னாத்துக்கு வர்றான்?" பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. நைனா வலைக்கயித்தைக் கையில சுத்துனாரு, அவுத்தாரு, திரும்பச் சுத்துனாரு.

கொருக்குப்பேட்டை மாடி:
இதெல்லாம் ஒரு தூரமா? புது வருஷம் பொறக்குறப்ப ஹார்பர்ல கப்பலுங்க ஹாரன் அடிக்கும்ல, ஒரு வருஷம் எங்க மாடிக் கதவே அதிர்ந்துது, அடுத்த வருஷம் வெறும் முனகல். காத்து சத்தத்தைத் தள்ளினு வந்தா கேக்கும், அவ்ளோதான்.

ஒத்தியூர் தம்பி:
தள்றதெல்லாம் இல்லண்ணே. சத்தம் மணிக்கு 1200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, 20 கிலோமீட்டர் காத்து அதை எங்க தள்றது? கீழ காத்து மெதுவா, மேல வேகமா அடிக்குது. அதனால காத்தோட வர்ற சத்தம் கீழ வளைஞ்சு காதுல விழும். எதிர்த்துப் போறது தலைக்கு மேல போயிடும். மத்தியானக் கடல்காத்துல கரையில நின்னு போட்ல இருந்த அண்ணனைத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவன் "இன்னா?"ன்னு கேட்டது மட்டும் எனக்குத் தெளிவா கேட்டுது, ஏழெட்டுத் தடவ.

காட்டுக்குப்பம் அண்ணன் கதை வேற. ராத்திரி தண்ணியோரம் காத்து குளிர்ந்துடும், மேல வெதுவெதுப்பு. சூட்டுல சத்தத்துக்கு வேகம் ஜாஸ்தி, ஒரு டிகிரி சூடு ஏறுனா நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். மேல கிளம்புன சத்தம் கீழயே மடங்கிடும். அசையாத தண்ணியும் அதைக் குடிக்காம திருப்பி விட்டுடும்.

காசிமேடு பழசு:
போகியன்னைக்குப் பனியும் புகையும். ஹாரன் இடப்பக்கம் கேட்டுது, கப்பல் வலப்பக்கம் வந்துது. பசங்களா, கேட்டுக்கோங்க. ஒரே நீள ஹாரன்னா கப்பல் ஓடுது. அடுத்தடுத்து ரெண்டுன்னா ஓட்டம் நின்னு மெதக்குது. எதுவானாலும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள திரும்ப அடிக்கணும், அதனால இன்ஜினை ஆஃப் பண்ணி முழுசா ரெண்டு நிமிஷம் காது குடு. 200 மீட்டர் நீளமான கப்பலோட ஹாரன் 2 கடல் மைலுக்குக் கேக்கணும்னு கணக்கு, காத்துக்கு எதிரா அதெல்லாம் செல்லாது. மெல்லிசா கேட்டா தூரத்துல கீதுன்னு நம்பாத. ஒருத்தன் முன்னாடி போய் நில்லு. விசில் வெச்சுக்கோ.

காட்டுக்குப்பத்தான்:
நான் ஹாரனைப் பத்திக் கேக்கவே இல்லண்ணே. தம்பி, ஒண்ணு சொல்லு. காத்தே இல்லன்னா ரெண்டு கரைக்கும் ஒரே மாதிரிதானே கேக்கும்? அவன் அப்படிச் சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், "கண்ணு தெரியலன்னா வூட்லயே கெடக்க வேண்டியதுதானே"ன்னு நைனா மேல எரிஞ்சு விழுந்தேன்.